மாமா வாசித்த யப்பானிய நகரம்

நான்காம் வகுப்பில் எங்கள் ஆசிரியை ஒரு கம்பளித் தொப்பிக்குள் துண்டுக் கடதாசிகளைப் போட்டுக் குலுக்கி, ஒவ்வொருவராக எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நகரத்தின் பெயர் இருந்தது. யாருக்கு எந்த நகரம் வருகிறதோ, அவர் அந்த நகரத்தைப் பற்றி வகுப்பின் முன்னால் நின்று கால் மணித்தியாலம் பேச வேண்டும். எனக்கு முன்னால் எடுத்தவளுக்குப் பாரிஸ் வந்தது. அவள் உடனே கொப்பியில் கோபுரத்தைக் கீறத் தொடங்கிவிட்டாள். பக்கத்து மேசைக்காரனுக்கு ரோம். என் துண்டில் இருந்த பெயரை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் தொப்பி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

அது யப்பானில், டோக்கியோவுக்கு வெளியே, ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற ஒரு நகரம். எரிமலை கிடையாது. அரண்மனை கிடையாது. உல்லாசப் பயணிகள் எவரும் அங்கே இறங்குவதில்லை. ஆசிரியை மட்டும் கோடை விடுமுறையில் ஒரு சிநேகிதியின் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தார். எல்லாரும் பார்க்கப் போகிற ஊர்களைப் போலவே, ஆட்கள் இருக்கப் போகிற ஊர்களையும் அறிய வேண்டும் என்று சொல்லி, அலுமாரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துத் தந்தார். அந்த நகரசபை தன் ஊர்ச் சிறுவர்களுக்காக அச்சிட்டது. பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படங்கள். படங்களைச் சுற்றி யப்பானிய எழுத்து. ஆசிரியைக்கு அதில் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது.

“படங்களைப் பார். மிச்சத்தை விசாரித்துக் கண்டுபிடி” என்றார்.

கைபேசியை எழுத்துக்கு மேலே பிடித்தால் அது மொழிமாற்றிச் சொல்கிற காலம் அப்போது வரவில்லை. வகுப்பில் சிலர் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்குத் துளியும் கவலை வரவில்லை. என் குடும்பத்தில் யப்பானிய மொழி தெரிந்த ஒருவர் இருந்தார்.

அவர் அம்மாவின் தம்பி. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர், அந்த நாட்களில் காலைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பானவராக உயர்ந்திருந்தார். அந்த ஹோட்டலுக்கு யப்பான்காரர் பேருந்து பேருந்தாக வருவார்கள். மாமாவுக்குப் புதன்கிழமை ஓய்வு. எங்களுக்கும் புதன்கிழமை மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். காலை ரயிலில் மலையைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பயணம் செய்து வருவார். சாப்பிடுவார், என்னோடு விளையாடுவார், பின்னேர ரயிலில் திரும்பிப் போய்விடுவார். ஏன் ஒரு நாளும் எங்களோடு தங்கிவிடுவதில்லை என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், அவருக்கு மலை பிடிக்கும், அதனால் அங்கே இருக்கிறார் என்று சொல்லியிருப்பேன். நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மாமாவுக்கு யப்பானிய மொழி தெரியும் என்பதற்கு என்னிடம் கண்ணால் கண்ட சாட்சி இருந்தது. ஒருமுறை லுசேர்ண் மரப்பாலத்தில் நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே ஒரு யப்பானியக் கூட்டம் வந்தது. மாமா நின்று, இரண்டு கையையும் காலோடு ஒட்டிவைத்து, இடுப்பிலிருந்து குனிந்து, “ஒஹாயோ கொசாய்மஸ்” என்றார். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒரு வயதான பெண் ஏதோ கேட்டார். மாமா நாலைந்து வார்த்தை சொன்னார். அவர்கள் வாய்பொத்திச் சிரித்து, அவரை நடுவில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். தெரியாத மொழியில் ஒருவரால் இருபது பேரைச் சிரிக்க வைக்க முடியுமா?

அந்தப் புதன்கிழமை நான் புத்தகத்தை மாமாவின் மடியில் வைத்தேன்.

“யப்பான் எழுத்து மாமா. நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ, நான் ஜெர்மனில எழுதுறன்.”

மாமா புத்தகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார்.

“பின்னுக்கிருந்தோ?” என்று கேட்டேன்.

“யப்பான்காரர் புத்தகத்தைப் பின்னுக்கிருந்துதான் வாசிக்கிறவை. தெரியாதோ உனக்கு?”

எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிற ஆள் என் மாமா என்பதில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொப்பியைத் திறந்து, பென்சிலைக் கூராக்கி உட்கார்ந்தேன்.

மாமா விரலை மேலேயிருந்து கீழே இழுத்து வாசித்தார். உதடு மெல்ல அசையும். ஒரு வரி முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு எனக்குச் சொல்வார். முதலாவது பக்கத்தில் தீயணைப்பு வாகனம், காவல்காரர், அம்புலன்ஸ், பக்கத்தில் தொலைபேசி இலக்கங்கள். இந்த நகரத்துக்கு ஒருவர் புதிதாக வந்தால், முதல் வேலையாக, ஆபத்தென்றால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம். பிறகுதான் மற்றதெல்லாம். நான் எழுதினேன். அடுத்த பக்கத்தில் விதவிதமான குப்பைப் பைகளும் கிழமை நாட்களைப் போல ஏழு கட்டங்களும் இருந்தன. அதை மாமா வாசிக்காமலே சொல்லிவிட்டார்.

“இது இஞ்சத்தை மாதிரித்தான். குப்பையைப் பிழையான நாளில வைச்சா அங்கயும் ஏசுவினம்.”

அதற்கடுத்த பக்கம் முழுவதும் ஒரு முள்ளங்கி. வெள்ளை முள்ளங்கிக்குக் கண், மூக்கு, கை, கால் வைத்து, தலையில் ரயில் நிலைய அதிகாரியின் தொப்பி போட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் மாமாவின் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, இவர்தான் நகரத்தின் மேயர் என்றார்.

“முள்ளங்கியோ?”

“அவர் மனுசன்தான். பிள்ளையள் பயப்படாமல் இருக்கவேணும் எண்டு தன்னை முள்ளங்கியாக் கீறச் சொல்லியிருக்கிறார். பெரிய மனம் வேணும் அதுக்கு.”

இப்படியே போனது. மேயர் பிறகும் ஒவ்வொரு மூலையிலும் வந்துகொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் பாலத்தில் நின்றார், இன்னொரு பக்கத்தில் நூலகத்தில் நின்றார். ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிற மேயர் என்று மாமா சொன்னார். ஒரு பக்கத்தில் சின்னச் சின்னப் பொம்மை மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். மேல் வரிசையில் மூன்று பேர், அடுத்ததில் ஆறு பேர், கடைசி வரிசையில் தாளுக்கு வெளியே தள்ளுகிற அளவுக்குக் கூட்டம். ஊர் வளர்கிறது, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், வருகிறவர்கள் எல்லாருக்கும் இடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதாம். அதை நான் கோடிட்டு எழுதினேன். எங்கள் ஊரும் வளர்ந்துகொண்டிருந்தது. லுசேர்ணிலிருந்து பன்னிரண்டு நிமிட ரயில் ஓட்டம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சோள வயலில் மூன்று பாரந்தூக்கிகள் நின்றன. பிள்ளைகள் கூடிப்போனதால், எங்கள் வகுப்பைப் பள்ளிக்கூட முற்றத்தில் இறக்கிய கொள்கலன் அறைக்கு மாற்றியிருந்தார்கள். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் ஆசிரியையின் குரல் கேட்காது.

நடுப்பக்கத்தில் ஒரு ரயில். இடது பக்கத்தில் காலை. சூரியன் எழும்ப, பெட்டி நிறைய ஆட்கள் நெருக்கியடித்துப் போகிறார்கள். வலது பக்கத்தில் பின்னேரம். அதே ரயில் மறுபக்கமாக வருகிறது. நிலைய வாசலில் பிள்ளைகளும் பெண்களும் ஒரு நாயும் நிற்கிறார்கள். படத்தின் கீழே இரண்டே இரண்டு வரி எழுத்து.

மாமா அந்த இரண்டு வரிக்கு எடுத்துக்கொண்ட நேரம், அதற்கு முன் நாலு பக்கத்துக்கு எடுத்த நேரத்தை விடக் கூட. விரலை இழுக்கவில்லை. உதடும் அசையவில்லை. நான் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“எழுது” என்றார் கடைசியில். “இந்த ஊர்ச் சனம் ஒரு இடத்தில வேலை செய்யுது. இன்னொரு இடத்தில இருக்குது. ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. வேலை முடிஞ்சால் ரயில் ஏறித் தங்கட ஆக்களிட்ட வந்திடலாம். ஒவ்வொரு நாளும்.”

“அவ்வளவும் இந்த ரெண்டு வரியிலயோ?”

“யப்பான் எழுத்துச் சின்னன். உள்ளுக்கு நிறைய இருக்கும்.”

அடுத்த நாளே நான் ஆசிரியையிடம் போய், புத்தகம் முழுவதையும் வாசித்தாகிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. என் மாமாவுக்கு யப்பானிய மொழி தண்ணீர்பட்ட பாடு என்று விளக்கினேன். ஆசிரியையின் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை பெற்றோர் வந்து பாடம் பார்க்கிற நாள் இருக்கிறது, அன்றைக்கே நீ பேசு, மாமாவையும் கூட்டிக்கொண்டு வா, என்னோடு பாட்டுக் குழுவில் பாடுகிற ஒரு யப்பானியப் பெண் இருக்கிறார், அவரையும் கூப்பிடுகிறேன், இருவரும் பேசுவதை வகுப்புக் கேட்கட்டும் என்றார். நான் அந்தக் கணமே மாமா சார்பில் சம்மதம் கொடுத்துவிட்டேன்.

மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, தட்டுகள் ஒன்றோடொன்று படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“யப்பான்காரியோ?”

“ஓம் மாமா. உங்களோட கதைக்கவாம்.”

“வியாழக்கிழமை எனக்கு வேலையெல்லே பிள்ளை.” பிறகு, “சரி. ஆரோடயும் வேலை நாளை மாத்திப்போட்டு வாறன்.”

அடுத்த புதன்கிழமை அவர் வந்தபோது, அம்மா என்னைக் கடைக்குப் பால் வாங்க அனுப்பினார். குளிர்பெட்டியில் பால் இருந்தது. அதை நான் சொல்லியும் அனுப்பினார். நான் இல்லாத அந்த நேரத்தில் சமையலறையில் நடந்ததை, நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா சொன்னார்.

“உனக்கு யப்பான் வாசிக்கத் தெரியுமோ?” என்று கேட்டிருக்கிறார்.

“கதைக்கத் தெரியும்.”

“நான் கேட்டது வாசிக்கத் தெரியுமோ எண்டு.”

“படம் இருக்குத்தானே அக்கா.”

“அந்த மனுசி வந்து எல்லாம் பிழை எண்டு சொன்னா, பிள்ளை அவ்வளவு பேருக்கு முன்னால நிண்டு என்ன செய்யும்? நீ வேலை எண்டு சொல்லி அங்கயே நில். பிள்ளையை நான் வேற ஏதும் எழுதச் சொல்லுறன்.”

“இல்லை அக்கா. வேலை எண்டு ஒளிச்சு நிண்டாத்தான் பிள்ளை தனிய நிக்கும். நான் வந்து இருக்கிறன். அவ பிழை எண்டு சொன்னால் எழும்பி என்ர பிழை எண்டு சொல்லிப்போட்டுப் போறன். பிள்ளைக்கு ஒண்டும் வராது.”

அம்மா அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறொன்று கேட்டிருக்கிறார். கடிதம் வந்ததா என்று. வந்தது என்று மாமா சொல்லியிருக்கிறார். அவரிடம் இருந்தது, புகலிடம் கேட்டு வந்து தற்காலிகமாகத் தங்க விடப்பட்டவர்களுக்குத் தருகிற F அட்டை. இந்த நாட்டில் அந்த அட்டை உள்ளவர், தான் பதிந்திருக்கிற கன்டோனை, அதாவது மாகாணத்தை, விட்டு நினைத்தபடி இன்னொரு கன்டோனில் குடியேற முடியாது. அனுமதி கேட்டு எழுத வேண்டும். எங்கள் ஊரும் இன்டர்லாக்கனும் வேறு வேறு கன்டோன்களில் இருந்தன. அக்காவும் அக்கா குடும்பமும் லுசேர்ண் பக்கம் இருக்கிறார்கள், எனக்கு இங்கே வேறு ஒருவரும் இல்லை, அவர்கள் பக்கத்தில் வந்து இருக்க விரும்புகிறேன் என்று மாமா எழுதியிருந்தார். குடும்பம் என்றால் மனைவியும் பராயமடையாத பிள்ளைகளும், கூடப்பிறந்தவர் அதற்குள் அடங்கமாட்டார் என்று பதில் வந்திருந்தது. மரியாதையான கடிதம் என்று மாமா சொன்னாராம். கையெழுத்துக்கூட வடிவாக இருந்ததாம்.

நான் பாலோடு திரும்பி வந்தபோது இருவரும் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் லீவு கிடைக்கவில்லை. கொள்கலன் அறையின் பின்பக்கத்தில் பெற்றோருக்காகப் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளைப் போட்டிருந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, முழங்கால் நாடியில் இடிக்கிறமாதிரி ஒரு கதிரையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அந்த யப்பானியப் பெண். அம்மாவின் வயது இருக்கும். சாம்பல் நிற உடுப்பு, மடியில் கைப்பை. இருவரும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கியதைக் கண்டு, பேச்சு வார்த்தை நல்லபடி தொடங்கிவிட்டது என்று நான் திருப்திப்பட்டேன்.

எனக்கு நடுக்கம் என்பது இல்லை. பெரிய மட்டையில் படங்களைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தேன். நகரம் எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் காட்டிவிட்டு, தொலைபேசி இலக்கங்களிலிருந்து தொடங்கினேன். புதிதாக வருகிற ஒருவரை அந்த நகரம் முதலில் பாதுகாப்பாக உணர வைக்கிறது என்றேன். ஆசிரியையின் புருவம் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. குப்பைப் பக்கத்தைச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த பெற்றோர் தலையாட்டினார்கள். அது எந்த நாட்டிலும் எடுபடுகிற விஷயம்.

முள்ளங்கி மேயரைக் காட்டினேன். வகுப்பு சிரித்தது. பாரிஸ்காரி கையை உயர்த்தினாள்.

“அவர் உண்மையாகவே முள்ளங்கியா?”

“இல்லை. மனிதர். ஆனால் பிள்ளைகள் தன்னைக் கண்டு பயப்படக்கூடாது என்பதற்காக முள்ளங்கியாக இருக்கச் சம்மதித்திருக்கிறார்.”

எங்கள் ஊர்த் தலைவரை எந்த மரக்கறியாகக் கீறலாம் என்று வகுப்பில் விவாதம் எழுந்தது. பின்வரிசையில் யப்பானியப் பெண் கைக்குட்டையை வாயில் வைத்துக் குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது. மாமா முன்னால் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. அறை வெக்கை என்று நினைத்தேன்.

கடைசியாக ரயிலுக்கு வந்தேன். மாமா சொன்னதைச் சொன்னபடி ஜெர்மனில் சொன்னேன். இந்த ஊர் மக்கள் ஓர் இடத்தில் வேலை செய்கிறார்கள், இன்னோர் இடத்தில் வாழ்கிறார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை, வேலை முடிந்ததும் ரயில் ஏறித் தங்கள் ஆட்களிடம் வந்துவிடலாம், ஒவ்வொரு நாளும். சொல்லி முடித்தபோது அந்தப் பெண் கைக்குட்டையைக் கீழே இறக்கியிருந்தார். சிரிப்பு இல்லை. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பிப் பக்கத்தில் இருந்த மாமாவைப் பார்த்தார்.

கைதட்டினார்கள். ஆசிரியை எழுந்து நின்று, இப்போது நாங்கள் நேரில் கேட்டுவிடலாம், இவள் சொன்னதெல்லாம் சரியா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

மாமா கதிரையிலிருந்து பாதி எழும்பினார். வாயையும் திறந்துவிட்டார். ஆனால் அந்தப் பெண் முந்திக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக அடுக்கிவைக்கிற மாதிரியான ஜெர்மனில் பேசினார். தான் வளர்ந்ததும் அப்படியான ஒரு நகரத்தில்தான் என்றார். பின்னேரங்களில் தம்பியையும் கூட்டிக்கொண்டு நிலைய வாசலில் போய் நிற்பாராம். ஒரு ரயிலில் அப்பா வரவில்லை என்றால் அடுத்த ரயில் வரைக்கும் நிற்பார்களாம்.

“அந்த ரயில் பக்கத்தை இதைவிடச் சரியாக நானே மொழிபெயர்த்திருக்க மாட்டேன்” என்றார்.

நான் அதை முழுப் புத்தகத்துக்கும் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டேன். மாமா பாதி எழும்பிய நிலையிலேயே நின்றார். இருப்பதா முழுதாக எழும்புவதா என்று தெரியாமல் நிற்கிறவரைப் பார்த்து ஆசிரியை, நீங்கள் யப்பானிய மொழியில் ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்.

மாமா சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, அந்தப் பெண்ணை நோக்கிக் குனிந்தார். பிறகு பேசினார். தடுக்காமல், நிறுத்தாமல், நல்ல குரலில், ஒரு நிமிடம் இருக்கும். அவர் முடித்ததும் அந்தப் பெண் எழுந்து, அவரை விடவும் தாழக் குனிந்து, தானும் அதே அளவு நேரம் பதில் சொன்னார். பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரோம்காரன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இருந்த பொறாமையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இடைவேளை மணி அடித்தது. நான் சிநேகிதிகளோடு முற்றத்துக்கு ஓடினேன். விளையாட்டுக்கு நடுவில் ஒருமுறை பார்த்தபோது, கொள்கலனின் இரும்புப் படிக்கட்டில் மாமாவும் அந்தப் பெண்ணும் இருந்தார்கள். புத்தகம் அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது. அவர் அதை முன்பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டிருந்தார். பாவம், யப்பான்காரியாக இருந்தும் எந்தப் பக்கம் தொடங்குவது என்று மறந்துவிட்டார் போல, மாமா சொல்லிக் கொடுப்பார் என்று எண்ணிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

படிக்கட்டில் நடந்ததை மாமா எனக்குச் சொன்னது மிகவும் பிந்தி. எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது, பிள்ளைக்கு முகம் வாடக்கூடாது என்று எல்லாவற்றையும் நானாகச் சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்று அவர் தன் சமையலறை ஜெர்மனில் சொல்லியிருக்கிறார்.

“எனக்குத் தெரியும்” என்றாராம் அந்தப் பெண். “நீங்கள் வகுப்பில் என்னிடம், காலை வணக்கம், சாப்பாடு ஆயத்தம், தட்டு சுடும், கவனமாகப் பிடியுங்கள், உங்கள் பேருந்து எட்டு மணிக்கு, மறுபடியும் வாருங்கள் என்றல்லவா சொன்னீர்கள்.”

மாமாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லையாம். வகுப்பில் அந்தப் பெண் தனக்கு என்ன பதில் சொன்னார் என்று மாமா கேட்டிருக்கிறார்.

“எல்லாம் மிகவும் ருசியாக இருந்தது, கட்டாயம் மறுபடியும் வருவோம் என்றேன். வேறு என்ன சொல்வது?”

அதற்குப் பிறகு அவர் புத்தகத்தைச் சரியான பக்கத்திலிருந்து திறந்து, இடைவேளை முடியும் வரை மாமாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். எழுத்து இடமிருந்து வலமாகவே ஓடுகிற புத்தகம் அது. எங்கள் புத்தகங்களைப் போலத்தான் திறக்கும். நான் நகரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து அறிமுகப்படுத்தியிருந்தேன். முள்ளங்கி மேயர் அல்ல, அந்த ஊரில் முன்பு அதிகம் விளைந்த பயிர், இப்போது ஊருக்குச் சின்னம். வரிசையாக நின்ற பொம்மைகள் மட்டும் ஊர் வளர்கிற கதைதான். வருகிறவர்கள் எல்லாருக்கும் இடம் இருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. ரயில் படத்தின் கீழிருந்த இரண்டு வரி, எங்கள் நகரத்தில் பலர் டோக்கியோவில் வேலை செய்கிறார்கள், பின்னேரத்தில் வீட்டுக்கு வருகிறார்கள் என்பது.

மாமா எங்கள் ஊருக்குக் குடிவந்தது அதற்கு ஐந்து வருடங்களுக்குப் பிறகு. அட்டை மாறி, கடிதங்கள் பல போய் வந்து, கடைசியில் நிலையத்துக்குப் பின்னால் எழும்பிய கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடி. இப்போது லுசேர்ணில் ஒரு பெரிய சமையலறையைப் பார்த்துக்கொள்கிறார். மாமியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாரையும் போலக் காலையில் போய்ப் பின்னேரம் வருகிறார். ரயில் ஐந்து நிமிடம் பிந்தினால் முணுமுணுக்கிறார்.

நான் வகுப்பில் பேசிய அந்த வியாழக்கிழமை மத்தியானம், மாமாவை ரயில் ஏற்ற நான்தான் போனேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பாரந்தூக்கிகள் நின்ற வேலியோரமாக நடந்தோம். புதுக் கட்டடம் இரண்டாம் மாடி வரை எழும்பியிருந்தது. வேலியில் தொங்கிய பெரிய பலகையில், வீடுகள் வாடகைக்கு என்று போட்டு, ஒரு குடும்பம் பல்கணியில் நின்று சிரிக்கிற படம் இருந்தது.

“மாமா, நீங்கள் ஏன் இன்டர்லாக்கனில இருக்கிறீங்கள்? இஞ்ச வந்து இருங்கோவன். எவ்வளவு வீடு கட்டுகினம். இஞ்ச இருந்து அங்க ரயிலில வேலைக்குப் போகலாம்தானே.”

மாமா பலகையைப் பார்த்தார். “ஓம், போகலாம்தான்” என்றார்.

“அப்ப வாங்கோவன்.”

“கேட்டுப் பாக்கிறன் பிள்ளை.”

ரயில் வந்துவிட்டதால் யாரிடம் என்று கேட்க நேரம் இருக்கவில்லை. ஆனால் கேட்கவும் தேவையில்லை. எங்கள் வீட்டில் யார் வருவது, எத்தனை நாள் இருப்பது, எந்தக் கறி என்பதெல்லாம் அம்மாவின் முடிவு. மாமா தன் அக்காவிடம் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த வேலையை நானே முடித்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா வேலையிலிருந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். பேச்சு எப்படிப் போனது என்று கேட்டார். அது நல்லாய்ப் போனது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

“அம்மா, மாமாவுக்கு எங்கட ஊருக்கு வந்து இருக்க விருப்பம். கேட்டுப் பாக்கிறாராம். உங்களிட்டக் கேட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ.”

அம்மாவின் கை தண்ணீருக்குள் நின்றது. அவர் திரும்பவில்லை. இடம் போதாது என்று யோசிக்கிறார் போலும் என்று நினைத்து, அதற்கும் வழி சொன்னேன்.

“என்ர அறையைக் குடுக்கலாம். நான் ஹோலில படுக்கிறன்.”

அம்மா குழாயைத் திறந்து, ஏற்கனவே களைந்த அரிசியை மறுபடி களையத் தொடங்கினார். எனக்கு நம்ப முடியவில்லை. கோயில் திருவிழாவுக்கு முன்பின் தெரியாத ஆட்களை எல்லாம் கூட்டிவந்து சோறு போடுகிற அம்மா, சொந்தத் தம்பிக்கு ஒரு ஓம் சொல்ல இவ்வளவு யோசிக்கிறார். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமாவுக்கு நியாயம் கிடைக்கும் வரை அம்மாவோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்து, சாப்பிடக் கூப்பிட்டபோதும் வாய் திறக்கவில்லை.